ஈசானிய மூலையில் போடாத துளை

மண் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். ஓய்வு பெற்றுப் போனவனைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் செய்த நல்ல வேலைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. செய்த தப்புகளை எழுதலாம் என்று ஆரம்பித்ததும் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் எழுதினால் வாங்கும் பென்ஷனுக்கே ஆபத்து. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் படிப்பு பத்தாவது. கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தேறியவன். அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் கொடுத்த வேலை, எண்ணுகிற வேலை. கட்டடம் வரப்போகும் இடத்தில் முக்காலி நட்டு, குழாயை இறக்கி, அதன் தலையில் எடைக்கட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, ஒரு அடி இறங்க எத்தனை குத்து ஆனது என்று எண்ணி எழுதுவேன். நிறைய குத்து என்றால் கெட்டி மண். கொஞ்சம் என்றால் இளகின மண். அதற்கு மேல் உள்ளதெல்லாம் படித்தவர்கள் பாடு.

தினமும் வேலைக்குப் போகுமுன் கோயிலுக்குப் போய் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். எங்கள் விருத்தாசலத்தில் அவர் தரைக்குக் கீழே இருக்கிறார், படியிறங்கித்தான் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் வேலை பார்ப்பவனுக்கு மண்ணுக்குள் இருக்கிற சாமி. இதைச் சொல்லிச் சொல்லியே சக ஊழியர்களின் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது என்று எனக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வம்தான் இந்தக் கதையில் முதல் குற்றவாளி.

சரோஜா அம்மாள் பொம்மை செய்கிறவர். சின்ன வயதில் பீங்கான் ஷெட்டுகளில் கூலிக்கு இருந்து, பிறகு கணவரோடு சேர்ந்து சொந்தமாகச் சூளை வைத்தவர். கணவர் தவறிவிட்டார். ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிக் கட்டடம் கட்ட முடிவு செய்தார். கீழே பொம்மைப் பட்டறை, அதற்கு மேல் தனக்கு வீடு, அதற்கும் மேல் மகளுக்கு. மகளைக் கம்மாபுரம் பக்கம் கொடுத்திருந்தார். அங்கே அவர்கள் வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகப்போகிறது, தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும் என்ற நிலை. அதனால் அந்த மேல் தளம் ஆசைக்குக் கட்டுவது அல்ல. மகள் குடும்பம் வந்து இறங்க வேறு இடம் இல்லை.

கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுத் தரும் இஞ்சினியர் ஒரு பெண். கடலூரிலிருந்து வருவார், என் மகள் வயது. மேடம் என்று கூப்பிடுவேன். என் வாத்தியார் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். வயது குறைந்த வாத்தியாரிடம் படிப்பதில் ஒரு வசதி, அடி விழாது. மூன்று இடத்தில் துளை போடச் சொன்னார். தென்மேற்கு மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வடகிழக்கில் ஒன்று.

முதல் இரண்டும் ஒழுங்காகப் போட்டேன். மூன்றாவதற்குப் போன காலையில்தான் அங்கே பூமி பூஜை. ஈசானிய மூலையில் சின்னக் குழி வெட்டி, மஞ்சள் பூசிய செங்கல் வைத்து, நவதானியம் போட்டு, பால் ஊற்றியிருந்தார்கள். சரோஜா அம்மாள் கணவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பூஜை முடிந்து தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். இன்னொரு தொன்னையும் சாப்பிட்டேன். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், துளை போட வேண்டிய இடத்தில் சரியாக அந்தச் செங்கல் உட்கார்ந்திருக்கிறது.

பால் ஊற்றின இடத்தில் எப்படி இரும்புக் குழாயை இறக்குவது? கை வரவில்லை. நாலடி தள்ளிப் போட்டிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலடி என் புத்தியில் தோன்றவே இல்லை. மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்று. இருபதடி தள்ளி நடுவில் போட்டாயிற்று, அதே மண்தானே இங்கேயும் இருக்கும்.

ஆபீசுக்கு வந்து மூன்றாவது துளையின் தாளை நானே நிரப்பினேன். அப்படியே காப்பி அடித்தால் தெரிந்துவிடும் என்று பதினெட்டைப் பதினேழாக்கினேன், இருபத்திரண்டை இருபத்து மூன்றாக்கினேன். ஒரு இடத்தில் மட்டும் மாற்றாமல் விட்டேன், இயற்கையாக இருக்கட்டும் என்று. பத்தாவதில் இந்தப் புத்தி இருந்திருந்தால் கணக்கில் நாற்பது வாங்கியிருப்பேன்.

அதைவிட வெட்கம் என்னவென்றால், அன்றைக்கு நான் பொய் எழுதினதாகவே நினைக்கவில்லை. சாமி காரியத்தைக் கெடுக்காமல் விட்டேன் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். என் சோம்பலுக்கு விபூதி பூசி விட்டிருந்தேன்.

கட்டடம் எழும்பியது. அஸ்திவாரம் தோண்டும்போது அந்த மூலையில் நாலைந்து பீங்கான் சில்லு வந்ததாம். யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் கோப்பைக் காதும் பொம்மை மூக்கும் வரும், அதைப் போய் யார் யோசிப்பார்கள்? பில்லர்கள் ஏறின. இரண்டு தளமும் போட்டாயிற்று. மகளுக்கான மேல் வீட்டின் தளம் மட்டும் பாக்கி.

அந்தக் காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் காலை, கோயிலிலிருந்து வரும் வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். வாஸ்துப்படி ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி வரவேண்டும் என்று அங்கே சம்ப்புக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழியைச் சுற்றிக் கூட்டம், கற்பூர வாசனை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் மேஸ்திரி என்னைப் பார்த்ததும் கையாட்டினார்.

“வாங்க சார், வாங்க. நீங்க தெனம் படியெறங்கிப் போயி பாப்பீங்களே, அவரு உங்களத் தேடிக்கினு இங்கயே வந்துட்டாரு.”

குழிக்குள் ஒரு பிள்ளையார். ஒரு முழ உயரம், வெள்ளைப் பீங்கான், பளபளப்பு ஏற்றாதது. ஒரு காது இல்லை, தும்பிக்கை நுனியில் கொஞ்சம் குறை. மற்றபடி முழுசாக, நேராக நிற்கிறார். சரோஜா அம்மாள் கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

“நல்ல நேரத்துல வந்திருக்காரு பாருங்க. நாளைக்கு எம் பொண்ணு வூட்டுக்கு மேல் தளம் போடுறோம், இன்னைக்கு வந்து நிக்கிறாரு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். முதலாவதில் கண்ணை மூடியிருந்தேன். இரண்டாவதிலும். மூன்றாவதில் உட்கார்ந்து எழும்போது கண்ணைத் திறந்தேன். குழியின் பக்கச் சுவர் நேர் எதிரே தெரிந்தது. காதைப் பிடித்த கை காதிலேயே நின்றுவிட்டது.

மேலே ஐந்தாறு அடிக்குக் கிராவல் மண். அதற்குக் கீழே மண்ணே இல்லை. பொம்மைத் தலைகள், கைகள், கால்கள், கோணிப்போன தட்டுகள், வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டர் அச்சுகள். நடுநடுவே கை நுழைகிற அளவுக்குச் சந்து. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூலைப் பில்லர் நிற்கிற அடித்தளம், ஃபுட்டிங்.

“இது என்னம்மா?” என்றேன்.

“வெடிச்சதுங்க. சூளையில வெடிச்சது, கோணிக்கினது, ஒடஞ்ச அச்சு எல்லாம். அப்ப இந்த எடத்துல களிமண்ணு வெட்டின பள்ளம் ஒண்ணு இருந்துது. ஷெட்டுல வேலைக்கு இருந்தப்ப நாந்தான் கூடை கூடையா கொண்டாந்து கொட்டுவேன். இந்தப் பிள்ளையாரு கூட நான் கொட்டினவராத்தான் இருக்கும். அத்தனையும் நொறுங்கிப் போயிருக்குது, இவரு மட்டும் நிக்கிறாரு பாருங்க.”

“பள்ளம் எவ்ளோ ஆழம்?”

“ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும்.”

“எங்ககிட்ட சொல்லலியேம்மா.”

“நீங்க கேக்கலியே. பீங்கானு கல்லு மாதிரிதானே, கெட்டியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

கெட்டிதான். ஆனால் உள்ளே வெறும் கூடாக இருக்கும் பொம்மை கெட்டியாக இருந்து என்ன பயன்? மழைத் தண்ணீர் இறங்கினால் பிளாஸ்டர் அச்சு ஊறிக் கூழாகும். மேலே பாரம் ஏற ஏற ஒவ்வொரு சந்தும் ஒருநாள் மூடும். மூடும்போது பில்லர் கீழே போகும்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து, “காலையில ஆறு மணிக்கு மிஷினு வந்துடும் சார். நீங்களும் வந்துடுங்க” என்றார்.

அந்தக் குழிக் கரையில் நான் நின்ற பத்து நிமிஷம் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். என் தாளில் உள்ள பொய் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பில்லர் இரண்டு தளம் தாங்கிவிட்டது, மூன்றாவதையும் தாங்காதா என்றது ஒரு மனசு. தை பிறந்தால் அந்தப் பெண் எங்கே போவாள் என்றும் அதே மனசு கேட்டது. பாருங்கள், என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் கஷ்டத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறது. கடைசியில், பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு எண்ணம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டதால்தானே இப்போது வெளியே வந்து நிற்கிறார் என்று அடுத்த எண்ணமும் வந்தது. தெருப்பக்கம் போய் மேடத்துக்குப் போன் செய்தேன்.

“மேடம், சரோஜா அம்மா கட்டடத்துல அந்த மூணாவது துளை…”

“சொல்லுங்க சார்.”

“போடலை.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. “ஆனா நம்பர் இருக்கே.”

“நடுவுல போட்டதைப் பாத்து நானே எழுதினது.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாளைக்குக் காங்கிரீட் கிடையாது, குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது, அந்த மூலைப் பக்கம் யாரும் போகக் கூடாது, நான் கிளம்பிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். வைப்பதற்கு முன் மெதுவாக ஒன்று சொன்னார். “அந்தத் தாளைக் காலியா விட்டிருந்தாக்கூட போதும் சார். ஏன் காலின்னு நானே கேட்டிருப்பேன்.”

காலியாக விடுவதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம், பாருங்கள்.

அடுத்தது சரோஜா அம்மாளிடம் சொல்ல வேண்டும். கூட்டத்தை விலக்கி, கற்பூரம் அணையும் வரை காத்திருந்து, சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“அன்னைக்குப் பொங்கலு சாப்ட்டீங்க.”

“ஆமாம்மா.”

“ரெண்டு வாட்டி வாங்கினீங்க.”

“ஆமாம்மா.”

“நடுவுல, இங்க முன்னாடி என்னம்மா இருந்துதுன்னு ஒரு வார்த்தை கேக்க வாயி ஒழியல.”

“சாமி எடத்துல துளை போடக் கூடாதுன்னுதாம்மா…”

“அந்தச் சாமிக்கு அடியில நானு குப்பையே கொட்டியிருக்கேன். அதுக்கே கோச்சுக்கல. உங்க ஒரு துளைக்கா கோச்சுக்கப் போறாரு?”

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, எனக்காக வருத்தப்பட்டாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

மதியத்துக்குள் மேடம் வந்து சேர்ந்தார். அந்த மூலையில் துளை போட்டுப் பார்த்தோம். ஃபுட்டிங்குக்குக் கீழே ஏழடிக்குக் குப்பை, அதற்கப்புறம்தான் கெட்டியான களிமண். சுற்றியும் போட்டுப் பார்த்ததில், பள்ளம் அந்த ஒரு மூலையோடு முடிந்திருந்தது. மேடம் லேப்டாப்பைத் திறந்து கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் காட்டினார். ஒவ்வொரு பில்லருக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தார். மண் எவ்வளவு கெட்டியோ ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டி எங்கிருந்து வருகிறது? என் தாளிலிருந்து. அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கணக்கு, பத்தாவது படித்தவன் எழுதிய பதினேழை அப்படியே நம்பியிருக்கிறது. மூலை ஸ்பிரிங்கை இளக்கிக் காட்டினார். மூலை இறங்கியது. பக்கத்துப் பில்லர்களில் பாரம் ஏறியது. இடையில் இருந்த பீம் எதிர்ப்பக்கமாக வளைந்தது. கம்பி மேலே இருக்க வேண்டிய இடத்தில் கீழே தேவைப்பட்டது.

நான் மாசி மகத்தில் சாமி தூக்குகிறவன். எனக்கு உடனே புரிந்தது. தண்டின் ஒரு முனையில் இருப்பவன் முழங்காலை மடக்கினால் பாரம் காணாமல் போகாது, பக்கத்துத் தோளில் ஏறும். அந்தத் தோளுக்கு ஏன் என்றும் தெரியாது.

பீம்களுக்கு முட்டுக் கொடுத்து, ஃபுட்டிங்குக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையைத் தோண்டி எடுத்து, கெட்டி மண் வரைக்கும் காங்கிரீட் நிரப்பினார்கள். ஒரு பக்கம் நிரப்பி இறுகிய பிறகுதான் அடுத்த பக்கம். ஐப்பசி மழைக்கு முன்பு முடிந்தது. ஆனால் மேல் தளம் போட மேடம் சம்மதிக்கவில்லை. இந்த மழை முழுக்க அந்த மூலை அசையாமல் நிற்க வேண்டும், கார்த்திகைக் கடைசி வரை பார்ப்போம், நின்றால் போடலாம், அசைந்தால் மேல் வீடே கிடையாது என்று சொல்லிவிட்டார். வாரா வாரம் அளந்து எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

“இன்னும் என் மேல நம்பிக்கை இருக்கா மேடம்?”

“நம்பிக்கைன்னு இல்ல சார். வேற எங்க பொய் எழுதினாலும் இந்த வீட்டுல நீங்க எழுத மாட்டீங்க.”

ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். அதைவிட இந்த வார்த்தை பெரிய மெமோ.

அளப்பது எளிது. மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப்தான். மூலைப் பில்லரில் ஒரு கோடு, உள் பில்லரில் ஒரு ஸ்கேல். ஒரு முனையில் தண்ணீர் கோட்டில் நிற்கும்படி ஒருவர் பிடிக்க, அடுத்த முனையில் ஸ்கேல் என்ன காட்டுகிறது என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். முதல் நாள் நாற்பத்தொன்று, மில்லிமீட்டர் கணக்கில். மூலை இறங்கினால் எண் மாறிவிடும். திங்கள்தோறும் மேஸ்திரி கோட்டில் பிடிப்பார், நான் எண்ணைப் பார்ப்பேன். சரோஜா அம்மாள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் அடிப்பார். வாங்க என்று சொன்னதில்லை. ஒரு டீ கிடையாது. நான் போன பிறகு மேஸ்திரியிடம் மட்டும் கேட்பாராம், “அந்த ஆளு இன்னா எழுதினாரு?” ஐப்பசி முழுக்க நாற்பத்தொன்று. கார்த்திகை மூன்று வாரமும் நாற்பத்தொன்று.

கடைசித் திங்கள் விடாத மழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. பஸ்ஸு வரவில்லை, வர முடியாது என்று மேஸ்திரி காலையிலேயே போன் செய்துவிட்டார். தனியாகப் போய் என்ன செய்வது? நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி நெற்றிக்கு விபூதி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, “ஏழெட்டு வாரமா அதே நம்பருதான எழுதுறீங்க. இந்த மழையில போயிதான் ஆவணுமா?” என்றாள்.

பேனா மூடியைத் திறந்தேன். அதை மறைத்து என்ன பயன், திறந்தேன். தேதி கூட எழுதினேன். பிறகு நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பட்டறையில் சரோஜா அம்மாள் மட்டும் இருந்தார். முழங்கால் வரை நனைந்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேஸ்திரி வரலியா?”

“வரலம்மா. ஒரு முனையை யாராவது புடிச்சாப் போதும்.”

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“நீங்க கோட்டுல புடிங்க. நம்பரு நான் பாக்குறேன்.”

நான் மூலைக்குப் போனேன். அங்கிருந்து ஸ்கேல் தெரியாது. தண்ணீரைக் கோட்டுக்குக் கொண்டுவந்து பிடித்தேன். டியூப்பைத் தூக்கியதில் தண்ணீர் ஆடியது.

“நாப்பத்து மூணு” என்றார்.

“தண்ணி ஆடுதும்மா. நிக்கட்டும், அவசரப்படாதீங்க.”

“யாரு, நானா அவசரப்படுறேன்? நீங்க கையை ஆட்டாம புடிங்க.”

பில்லரில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதரைக் கூப்பிட்டேன். டியூப்பில் தண்ணீர் மேலும் கீழும் போய், சின்னதாகி, நின்றது.

“நாப்பத்தொண்ணு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நாப்பத்தொண்ணுதான்.”

நான் நோட்டை எடுத்து வருவதற்குள் அவரே கையை நீட்டி வாங்கினார். நான் எழுதியிருந்த தேதிக்குப் பக்கத்தில், பொம்மைக்குக் கண் வரைகிற கவனத்தோடு அந்த எண்ணை எழுதினார். பிறகு செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மழை என்பதால் இரண்டு பக்கமும் சத்தமாகத்தான் பேசினார்கள். அந்த ஆள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டாரா என்று மகள் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

“அவரு சொல்லலடி. நானே பாத்தேன்” என்றார் சரோஜா அம்மாள். “சாமானெல்லாம் கட்ட ஆரம்பி.”